பிள்ளையின் உடல் எடைக்கு வீட்டாரைப் பொறுப்பாக்குவது சரியா?

குன்னூர் ஆசிரியை:
சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை, எட்டாம் வகுப்புப் படிக்கும் தம் மகளை எல்லார் முன்னிலையிலும் "குண்டு" என்று சொன்னார். அன்று முதல் அந்தப் பெண் விளையாட்டு வகுப்புக்கு வருவதில்லை. மதிய உணவையும் மறைவாகச் சாப்பிடுகிறாள். பதின்பருவத்தினர் உண்பதையும் ஓடியாடுவதையும் முதலில் தீர்மானிப்பது வீடுதான் என்பது என் உறுதியான கருத்து. 1960களில் டயானா பாம்ரிண்ட் என்னும் உளவியலாளர் பெற்றோரை, ஆணையிட்டு அடக்குவோர், கேட்டதெல்லாம் கொடுப்போர், அன்போடு வரம்பும் வைப்போர் என்று வகைப்படுத்தினார். பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில், மூன்றாம் வகையினரின் பிள்ளைகளிடம் மிகை எடை குறைவாகவே காணப்பட்டது.

கோத்தகிரி சிறுவிவசாயி:
அம்மா, அந்தத் தந்தை செய்தது தவறு; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழியை வீட்டின் மீது மட்டும் போடுவதை ஏற்க இயலாது. நானும் மனைவியும் பச்சைத் தேயிலை பறித்து எடை போட்டுத் திரும்பும் வேளையில்தான் பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். அந்நேரத்தில் சோலையோரம் காட்டெருமை நிற்கும், தேயிலைச் செடிகளுக்கிடையே கரடி நடமாடும் என்பதால், வெளியே போகாதே என்று நானே தடுக்கிறேன். பள்ளி மைதானமோ விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து, 2016ஆம் ஆண்டில் 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் 81 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று கண்டது. அத்தனை நாடுகளிலும் பெற்றோரா தவறிவிட்டார்கள்?

உதகை செவிலி:
இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் உடல் பருமன் வேறுபடுவதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே ஒரே சமையலை உண்ணும் உடன்பிறந்தோரை ஒப்பிட்டுப் பேசுவது நியாயமில்லை. வீட்டார் எடையைக் குறித்துக் கேலி செய்வது பிள்ளையை மெலியச் செய்வதில்லை. பட்டினி கிடப்பதும், பின்னர் அடக்கமுடியாமல் உண்பதும்தான் அதனால் மிகுகின்றன. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை. மைதானம் இல்லாவிட்டாலும், நம் ஏற்றங்களில் மூச்சிரைக்க நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

குன்னூர் ஆசிரியை:
ஐயா, மைதானத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் நீங்கள் காட்டிய அதே ஆய்வில், போதிய இயக்கம் இல்லாத ஆண் பிள்ளைகள் 78 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 85 விழுக்காடு. கரடிக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு தெரியாது. வயதுக்கு வந்தவள் பந்தைத் தொடக்கூடாது என்று நம் ஊரில் முதலில் சொல்வது யார்?

கோத்தகிரி சிறுவிவசாயி:
இதற்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். என் மகள் எறிபந்தில் வட்டார அளவுப் போட்டி வரை சென்றவள். பெரியவளானதும் போதும் என்று என் தாயார் நிறுத்தினார், நான் தடுக்கவில்லை. மகன் அதன் பின்னும் ஞாயிறுதோறும் மட்டைப்பந்து ஆடினான். இருந்தாலும், திறந்த மைதானம் இல்லாமல் வீட்டின் மனமாற்றத்தால் மட்டும் ஒன்றும் நடவாது என்பதில் நான் மாறவில்லை. எங்கள் ஊரில் நான்கு குடும்பத்தார் முறைவைத்து, பிள்ளைகளை இரண்டு நிறுத்தங்கள் முன்னதாகவே இறக்கி உடன் நடந்து வரலாம் என்று பேசியிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் மைதானத்தைத் திறக்கும்படி நீங்கள் உங்கள் தலைமையாசிரியரைக் கேட்பீர்களா?

குன்னூர் ஆசிரியை:
திங்களன்றே எழுத்தில் கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் நீங்களும் கேளுங்கள். திறந்தால் மகளையும் அனுப்புவீர்களா?

கோத்தகிரி சிறுவிவசாயி:
அனுப்புகிறேன். அவளுடைய பழைய காலணி இப்போது காலுக்குப் பற்றாது. தேயிலைப் பணம் வந்ததும் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.