பால்கனியில் வல்லூறுக் குஞ்சுகள், உள்ளே பூனை: வழி சொல்லுங்கள்

வணக்கம். பெர்லினில் நான்காம் மாடியில் வசிக்கிறோம். எங்கள் பால்கனிப் பூத்தொட்டியில் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு மே மாதத் தொடக்கத்தில் முட்டையிட்டது. ஜூன் முதல் வாரத்தில் நான்கு குஞ்சுகள் பொரிந்தன. இப்போது மாத இறுதி. வெண்தூவிகளுக்கு நடுவே பழுப்பு இறகுகள் முளைத்து, தொட்டியின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகுகின்றன. இரண்டு குஞ்சுகள் தரையிலும் இறங்கி நடக்கின்றன. தாய் எலியைப் பிய்த்து ஊட்டுவதைக் காலைக் காப்பியோடு பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

சிக்கல், எங்கள் மூன்று வயதுப் பூனை. நாய் பொருட்படுத்துவதே இல்லை. பூனையோ குஞ்சுகள் தரையிறங்கியது முதல் கண்ணாடிக் கதவில் பாய்ந்து அறைகிறது. அந்தச் சத்தத்தில் தாய் இரையை நகத்தில் பற்றியபடியே எதிர்க் கூரைக்குத் திரும்பிவிடுகிறது.

கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒட்டிய தாளைப் பூனை கிழித்தது. திரைச்சீலைக்கு அடியில் நுழைந்தது. படுக்கையறையில் அடைத்தால் இரவெல்லாம் கத்தி, சாப்பிடவும் மறுக்கிறது. பால்கனிக்கு வலை கட்டினால் பெற்றோர்ப் பறவைகளின் வழி அடைபடும். கூட்டை இடம் மாற்ற ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. நமக்கும் அதில் விருப்பமில்லை.

பொரிந்து நான்கு அல்லது ஐந்து வாரங்களில்தான் கெஸ்ட்ரல் குஞ்சுகள் பறக்கும் என்பதால் இன்னும் சில நாட்களைக் கடக்க வேண்டும். அதுவரை, பூனையை அறையில் அடைக்காமலேயே அந்தக் கதவிலிருந்து விலக்கி வைக்க, உங்கள் வீட்டில் பலன் தந்த வழி எது?