சில்லாட்டை, சவுக்கு, கேழ்வரகுப் புல்: எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஜோடனை

நாகர்கோவில்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடியும். மறுநாள் காலையில் பாட்டி பின்வாசலில் நின்று தென்னையை அண்ணாந்து பார்ப்பார். "மக்களே, அந்தக் கொதும்பு விழப்போவுது. எடுத்து உள்ள போடு, மழையில நனைஞ்சிரும்." கொதும்பு என்றால் தென்னம்பாளையின் காய்ந்த மேலுறை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை தொடங்குவது அப்படித்தான்.

பாட்டி போய் ஆறு வருடம் ஆகிறது. நடுவில் மூன்று வருடம் கடையில் தெர்மாகோல் குடில் வாங்கி வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மகன் அதன் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை. பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தால் முடிந்தது, அவனுக்கு அதில் செய்ய என்ன இருக்கிறது? போன வருடம் பாட்டி வைத்த மாதிரியே வைப்பது என்று இறங்கினேன்.

நான்கு காலுக்குத் தென்னை மட்டை. கூரைக்கு முடைந்த ஓலை, மேலே கொஞ்சம் வைக்கோல். சுவருக்குச் சில்லாட்டை. தென்னையில் மட்டை தொடங்கும் இடத்தைச் சுற்றித் துணி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, பன்னாடை என்றும் சொல்வார்கள், அதுதான். அதைக் கிழியாமல் உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை குறுக்கும் நெடுக்குமாக, தறியில் நெய்த கோணி போலவே இருக்கும். ஓரத்தில் மட்டும் நார் பிசிறிக்கொண்டு நிற்கும். பாட்டி அதில் சின்னத் துண்டு வெட்டி இடையர் சொரூபங்களுக்குத் தோளில் போர்த்துவார். மண் சொரூபம் அப்போதுதான் குளிருக்கு ஒடுங்கி நிற்கிற ஆள் மாதிரி தெரியும்.

கொதும்புதான் தீவனத் தொட்டி. அது தானாகவே தோணி வடிவில் இருப்பதால் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். உள்ளே ஒரு பிடி வைக்கோல் போட்டு வெறுமனே விட்டுவிடுவோம். 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த பிறகுதான் குழந்தை இயேசுவை அதில் கிடத்துவது. அந்த வேலை வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கு. போன வருடம் என் மகன் பூசையில் தூங்கி, தோளில் தூக்கி வந்து, வாசலில் எழுப்பி, பாதிக் கண்ணோடு அவன் கையால்தான் வைத்தோம்.

1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் குடில் வைத்தபோதும் வைக்கோலும் உயிரோடு ஒரு மாடும் கழுதையும்தான் இருந்தன. சொரூபம்கூடப் பிறகு வந்ததுதான். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வைக்கோல் இல்லாத குடிலைப் பார்த்தால் என்னவோ குறைகிற மாதிரி இருக்கிறது.

பாசி பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்திருப்பதால் இப்போது கிணற்றுச் சுவரிலும் மதிலிலும் பாசி பஞ்சு மாதிரி படிந்திருக்கும். தோசைத் திருப்பியை அடியில் செருகி மெதுவாகத் தள்ளினால் உள்ளங்கை அகலத்துக்கு ஏடு ஏடாக வரும். ஈர மண்ணின்மேல் பதித்து, நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளித்தால் ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பசுமை மாறாது.

இனி என் பிரச்சினை. குடில் முன்னால் வயல் வைப்பதற்குப் பாட்டி தட்டில் கேழ்வரகு முளைக்கப் போடுவார். நானும் போன வருடம் போட்டேன். டிசம்பர் 1-ஆம் தேதியே விதைத்ததில் 24-க்குள் வளர்ந்து சாய்ந்து படுத்துவிட்டது. இந்த வருடம் 11-ஆம் தேதி விதைத்தேன். எறும்பு வராமல் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். முளைத்துவிட்டது, ஆனால் வெளிறி மஞ்சளாக நிற்கிறது. பாட்டியின் தட்டில் அப்படி ஒரு பச்சை இருக்கும். என்ன தப்பு செய்கிறேன், யாருக்காவது தெரியுமா?

மதுரை

அக்கா, நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் வருடா வருடம் முளைப்பாரி எடுப்போம், அதனால் இது எனக்குத் தெரிந்த சங்கதி. முளைப்பாரியை வேண்டுமென்றேதான் இருட்டறையில் வைப்போம். வெளிச்சம் படாவிட்டால் முளை வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று உயரும், நிறமும் இளமஞ்சளாக இருக்கும். எங்களுக்கு அதுதான் அழகு. உங்கள் கட்டிலடி எங்கள் முளைப்பாரி அறை மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது வயல். உடனே தட்டை வெளிச்சத்தில் வையுங்கள். முதல் நாள் நேர் வெயில் வேண்டாம், திண்ணை வெளிச்சம் போதும். அடுத்த வருடத்துக்கு: ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் சலித்த மண்ணும் மக்கிய சாணி எருவும் கலந்து அதன்மேல் தூவுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். கையால் தெளிப்பதுதான் சரி. எறும்புக்குத் தட்டைச் சுற்றி மஞ்சள் தூள். எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் குடிலுக்கும் நான்தான் முளைக்கப் போட்டுக் கொடுக்கிறேன். அந்த வீட்டுக் கேக் எனக்கு முதல் துண்டு.

குன்னூர்

வயல் இல்லாத ஊர்க்காரி நான். இங்கே பைன் காயும் சில்வர் ஓக் இலையும் பாயின்செட்டியாவும்தான். காடு வனத்துறையுடையது, கிளை ஒடிக்க மாட்டோம். ரோட்டோரம் தானாக விழுந்து கிடப்பதே ஒரு கூடை சேரும்.

முதல் வருடம் மழையில் பொறுக்கிய பைன் காய்கள் எல்லாம் மூடிக்கொண்டு, அழுகியது போல இருந்தன. தூக்கிப் போடப் போனேன். அம்மா தடுத்து, விறகடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முறத்தில் பரப்பி வைத்தார். ராத்திரி சமையலறையில் 'டிக், டிக்' என்று சத்தம். எலி என்று நினைத்து விளக்கைப் போட்டால், காய்கள் செதில் செதிலாக விரிந்துகொண்டிருக்கின்றன. காலையில் முறம் நிறைய மரரோஜா. அடியில் ஒற்றைச் சிறகு முளைத்த விதைகள் உதிர்ந்து கிடந்தன. ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் திறக்கும், மரத்தை விட்டு விழுந்த பிறகும் அப்படித்தான். தண்ணீர் நிறைந்த டம்ளரில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

சில்வர் ஓக் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. வளையம் கட்டும்போது ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் திருப்பி வைத்தால் வேறு வண்ணம் தேவைப்படாது.

பாயின்செட்டியாவால்தான் நான் அழுதேன். எங்கள் கேட் பக்கத்துச் செடி பன்னிரண்டு வருடமாக டிசம்பரில் சிவந்த செடி. ஒரு வருடம் அதற்கு நேர் மேலே தெருவிளக்கு போட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, செடி பச்சையாகவே நின்றது. உரம் போட்டேன், மருந்து அடித்தேன். கடைசியில் தோட்ட வேலை பார்க்கும் ஒரு பெரியவர்தான் சொன்னார்: "அதுக்கு ராத்திரி வேணும்மா, நீங்க விடிய விடிய லைட்டு காட்டுறீங்க." உண்மைதான். நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவுகள் வாரக்கணக்கில் கிடைத்தால்தான் அதன் நுனி இலைகள் சிவக்கும். நாம் பூ என்று சொல்வது அந்த இலைகளைத்தான், நிஜப் பூ நடுவில் மஞ்சளாகக் குட்டியாக இருக்கும். குச்சி ஒடித்து வீட்டுப் பின்னால் நட்டேன். மறு டிசம்பரில் சிவந்தது.

ஜாடியில் வைக்கிறவர்களுக்கு ஒன்று: வெட்டியதும் பால் வடியும், கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய முனையை மெழுகுவர்த்தித் தீயில் ஒரு நொடி காட்டிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். சீக்கிரம் வாடாது.

யாழ்ப்பாணம், இப்போது ஜெர்மனி

எங்கட ஊரில் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, பாலன் குடில் எண்டால் முடைஞ்ச தென்னோலைக் கிடுகும் வைக்கோலும்தான். நாகர்கோவில் அக்கா எழுதினதை வாசிக்க அம்மாவின்ர குரல் கேட்ட மாதிரி இருந்தது.

இஞ்ச வந்த முதல் வருசம் தென்னையும் இல்லை, பனையும் இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா கதவைத் தட்டி, தேவதாருக் கிளை ஒரு கட்டும் நாலு மெழுகுதிரியும் தந்தா. நத்தாருக்கு முதல் வாற நாலு ஞாயிறிலும் ஒவ்வொரு திரியா ஏற்றுற திருவருகைக் கால வளையம் கட்டக் காட்டித் தந்தா. 1839-இல் ஹம்பேர்க்கில் விச்செர்ன் எண்ட பாதிரியார், ஆதரவற்ற பிள்ளைகள் "நத்தார் எப்ப, எப்ப" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டதால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டாராம். நாளுக்கொண்டு ஏற்றுறது, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளைத் திரி. பச்சைக் கிளை அதில் சேர்ந்தது பிறகு.

ஆனால் என்ர மனம் நிண்டது வைக்கோல் நட்சத்திரத்தில். கோதுமைத் தாளை இளஞ்சூட்டுத் தண்ணியில் அரைமணித்தியாலம் ஊறவிட்டு, நகத்தால் நெடுகக் கீறி விரிச்சு, இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க நாடா மாதிரி வரும். கொஞ்சம் கூட நேரம் தேய்ச்சால் தேன் நிறம், இன்னும் தேய்ச்சால் பழுப்பு. நாலு நாடாவைக் குறுக்கே அடுக்கி நடுவில் நூலால், ஒண்டுக்கு மேல ஒண்டுக்குக் கீழ எண்டு விட்டுக் கட்டவேணும். அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், எனக்கு முதல் தரமே பிடிபட்டிட்டுது. பனையோலைப் பெட்டி இழைச்ச கையெல்லோ. "யார் பழக்கினது?" எண்டு கேட்டா. என்ர டொச்சில் (ஜெர்மன் பாசையில்) அதுக்கு அப்ப சொல் இல்லை. கையை மட்டும் காட்டினன்.

சென்னை

பிளாட்டில் இருப்பவர்களுக்குச் சவுக்குதான். டிசம்பர் பிறந்தால் ரோட்டோரத்தில் சாய்த்து வைத்து விற்பார்கள். ஆசைப்பட்டு 10-ஆம் தேதியே வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். 20-ஆம் தேதிக்குள் பழுப்பேறி, மின்விசிறி போட்டாலே தரையெல்லாம் உதிர்ந்தது. அதில் இலவம் பஞ்சைப் பனி என்று தூவி, சீரியல் பல்பும் சுற்றியிருந்தேன். ஒயர் இணைப்பு ஒன்று சூடாகிப் பஞ்சு கருகும் வாடை வந்தது. மனைவி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். அன்றிலிருந்து காய்ந்த கிளை, பஞ்சு, பல்பு மூன்றையும் ஒன்றாக வைப்பதே இல்லை.

இப்போது 22-ஆம் தேதிதான் வாங்குகிறேன். அடியை மறுபடி ஓரங்குலம் வெட்டி, பக்கெட்டில் கருங்கல்லும் மணலும் இட்டு நட்டு, மணல் காயாமல் தண்ணீர் விட்டால் புத்தாண்டு தாண்டி நிற்கும். தொங்கவிட வாகை நெற்று போதும். பார்க்கில் மரத்தடியில் வைக்கோல் நிறத்தில் கிடக்கும், காற்று பட்டால் உள்ளே விதை கலகலக்கும். சிவப்புக்கு மஞ்சாடி விதையை நூலில் கோர்ப்போம். குன்றிமணி வேண்டவே வேண்டாம். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு.

என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரு விளையாட்டு: சவுக்கு ஊசியைப் பாருங்கள், கணுக் கணுவாக இருக்கும். ஒரு கணுவில் இழுத்துக் கழற்றி, மறுபடி அதே இடத்தில் செருகி, "எங்கே உடைச்சேன், சொல்லு?" கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் நாங்கள் நாள் முழுக்க ஆடியது. இப்போது மரத்தின் கீழ்க்கிளைகளில் அவள் உயரம் எட்டும் மட்டும் ஒரு ஊசி மிச்சமில்லை.

நாகர்கோவில்

மதுரைத் தங்கச்சிக்கு நன்றி. நீங்கள் சொன்ன அன்றே தட்டைத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் நுனியில் பச்சை இறங்கியிருந்தது, இன்றைக்கு அடிவரை வந்துவிட்டது. சிட்டுக்குருவி கொத்தாமல் என் மகன் ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கிறான். நடுவில் சதுரமாக ஒரு கண்ணாடித் துண்டைக் குளமாகப் பதிக்கலாமா என்று கேட்கிறான். பாட்டி அப்படித்தான் பதிப்பார், நான் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை. ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் புல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. பாசியை எடுத்த மதிலிலேயே ஒட்டிவைத்துத் தண்ணீர் தெளித்துவிடுவேன். போன வருடம் ஒட்டியது பிடித்திருக்கிறது.