கணக்கை முடக்கிவிட்டார்கள், காரணம் சொல்ல மறுக்கிறார்கள் (யுகே, அவசரம்)

புதுவரவு:
வணக்கம். வேலை விசாவில் யுகே வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. நேற்று இரவிலிருந்து பேங்க் ஆப் திறக்கவில்லை, கார்டும் வேலை செய்யவில்லை. போன் செய்தால் "கணக்கு ரிவ்யூவில் இருக்கிறது" என்கிறார்கள். எதற்கு என்றால் சொல்ல முடியாதாம். எத்தனை நாள் என்றால் அதுவும் சொல்ல முடியாதாம். 28-ஆம் தேதி சம்பளம், 1-ஆம் தேதி வாடகை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. வேறு பேங்கில் உடனே கணக்குத் திறக்க வழி இருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.

தேம்ஸ்கரை:
தம்பி, பதறாதீங்க. முதல் வேலையாக வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள், கிரெடிட் ஸ்கோருக்கு அது உதவும். நாம் காமன்வெல்த் குடிமக்கள், விசாவில் இருந்தாலும் இங்கே ஓட்டுரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. ஊரில் எவ்வளவு நல்ல சிபில் ஸ்கோர் வைத்திருந்தாலும் இங்கே பூஜ்யம்தான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களும் தனித்தனியாகக் கோப்பு வைத்திருக்கின்றன. எங்களுக்கு ஆரம்பத்தில் ஒரு மொபைல் கான்ட்ராக்ட்கூடக் கொடுக்கவில்லை.

பனிமூட்டம்:
அவர் கேட்டது கணக்கு முடக்கம், நீங்கள் சொல்வது கிரெடிட் ஸ்கோர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கெல்லாம் கணக்குத் திறப்பதே பெரும்பாடு. பேங்கில் முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் போனால் பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு வா, அப்புறம் ஒப்பந்தம் தருகிறேன் என்றார். கடைசியில் கம்பெனி லெட்டர் காட்டித்தான் திறந்தேன். புதுவரவு, நீங்களும் ஹெச்ஆரிடம் ஒரு லெட்டர் வாங்குங்கள்.

ராஜா_லெஸ்டர்:
எதற்கு இவ்வளவு அலைச்சல்? இந்த மாதம் மட்டும் ரூம்மேட் கணக்கில் சம்பளத்தைப் போடச் சொல்லுங்கள். நாங்கள் எல்லாம் அப்படித்தான் சமாளித்தோம்.

பனிமூட்டம்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவர் சம்பளம் இன்னொருவர் கணக்குக்குப் போனால் அந்த ரூம்மேட் கணக்கையும் தூக்கிவிடுவார்கள்.

ராஜா_லெஸ்டர்:
எங்கள் காலத்தில் யாரும் தூக்கவில்லையே.

தேம்ஸ்கரை:
உங்கள் காலத்தில் கையில் பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி கார்டாவது இருந்தது. இப்போது ஈவிசா, அதைப் பிறருக்குக் காட்ட ஷேர் கோடு என்று எல்லாம் ஆன்லைன். கிளைகளையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். எங்கள் பகுதியில் மிச்சமிருக்கும் ஒரே கிளையில் நேரில் போய் நின்றால் "ஆப்பில் பாருங்கள்" என்று அனுப்புகிறார்கள். ஆப்பில் கேட்டால் பாட் (தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்) வந்து வணக்கம் சொல்கிறது.

பனிமூட்டம்:
அந்த பாட்! மனுஷனிடம் பேச வேண்டும் என்று தட்டினால் திரும்ப முதலிலிருந்து வணக்கம் சொல்லும்.

கணக்கப்பிள்ளை:
பாட்டை அப்புறம் திட்டலாம். புதுவரவு, ஒரு கேள்வி: முடக்குவதற்கு முன்னால் கணக்கில் கடைசியாக வந்த பணம் எது? யார் அனுப்பியது?

புதுவரவு:
வாடகை டெபாசிட்டுக்கு அப்பாவிடம் கேட்டிருந்தேன். ஊரிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் ரேட் குறைவு என்று இங்கே ஓர் அண்ணன் சொன்னார். அப்பா அவர் சொன்ன ஆளிடம் ரூபாய் கொடுத்தார், எனக்கு இங்கே பவுண்டு வந்தது. 1,900 பவுண்டு, மூன்று வெவ்வேறு பெயர்களிலிருந்து. அதில் என்ன தப்பு? அப்பாவின் சொந்தப் பணம்தானே.

கணக்கப்பிள்ளை:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இது உண்டியல். அப்பாவின் ரூபாய் ஊரிலேயே நின்றுவிட்டது. இங்கே உங்களுக்கு வந்த பவுண்டு வேறு யாருடையதோ. இரண்டு பக்கத்து ஆட்களும் தங்களுக்குள் நோட்டில் கழித்துக்கொள்வார்கள், எல்லையை எந்தப் பணமும் தாண்டாது. இங்கே பவுண்டை வைத்துக்கொண்டு தள்ளிவிட ஆள் தேடுகிறவர்களில் போதைப்பொருள் கும்பலும் உண்டு, ஆன்லைனில் ஏமாற்றிப் பிடுங்கியவர்களும் உண்டு. அந்த மூன்று பெயர்களில் ஒருவர் ஏமாந்தவராகவே இருக்கலாம்.

அப்படி ஒருவர் தன் பேங்கில் புகார் கொடுத்தால் அது பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்கும் வரும். 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி இருக்கிறது: ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் பாதி அனுப்பிய பேங்கின் பொறுப்பு, பாதி வாங்கிய பேங்கின் பொறுப்பு. அதாவது உங்கள் பேங்குக்குச் சொந்தக் காசு நஷ்டம். புதுக் கணக்கு, மூன்று அறியாத பெயர்கள் என்றால் முதலில் பூட்டிவிட்டுத்தான் யோசிப்பார்கள்.

போனில் பேசுகிறவர் காரணம் சொல்லாததும் திமிரில்லை. 2002-ஆம் ஆண்டு குற்ற வருமானச் சட்டப்படி, இந்தப் பணம் சந்தேகத்துக்குரியது என்று அதிகாரிகளுக்கு அறிக்கை போட்டதைச் சொல்லி விசாரணையைக் கெடுத்தால் அது குற்றம். அந்தப் பணத்தைக் கையாள அனுமதி கேட்டு பேங்க் அறிக்கை போட்டிருந்தால், பதில் சொல்ல தேசியக் குற்ற முகமைக்கு 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அவர்கள் மறுத்துவிட்டால் இன்னும் 31 நாள் இழுக்கும்.

வன்னியூரான்:
அண்ணை, எங்கட சனம் முப்பது வருசமா உண்டியலில்தான் காசு அனுப்பினது. போர்க்காலத்தில பேங்க் எங்க இருந்தது? எல்லாரையும் கள்ளர் மாதிரிக் கதைக்காதையுங்கோ.

கணக்கப்பிள்ளை:
நியாயம்தான். அனுப்புகிறவரை நான் குறை சொல்லவில்லை, வழி இல்லாத இடத்தில் அதுதான் வழியாக இருந்தது. ஆனால் இவர் அப்பாவுக்கு வழி இருக்கிறது. இந்தியாவில் இருப்பவர் எல்ஆர்எஸ் என்ற வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை பேங்க் வழியாக அனுப்பலாம். பான் எண்ணும், பேங்கில் தரும் ஏ2 படிவமும் போதும். 10 லட்சம் ரூபாய் தாண்டாதவரை டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தமும் இல்லை. ரேட்டில் கொஞ்சம் போகும், போகட்டும். உண்டியல் ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் விரோதம், அங்கே மாட்டுவது அப்பா.

புதுவரவு:
கை நடுங்குகிறது. இப்போது என்ன செய்ய? அண்ணன் போனை எடுக்கவில்லை. பேங்க் கேட்டால் நண்பர் கொடுத்த கடன் என்று சொல்லவா?

கணக்கப்பிள்ளை:
பொய் மட்டும் வேண்டாம். அந்த அண்ணனோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். அப்பா ரூபாய் எடுத்த பேங்க் பாஸ்புக் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு பேங்க் எழுதினால் நடந்ததை நடந்தபடி எழுதி இவற்றோடு அனுப்புங்கள். போலீஸ் தொடர்பு கொண்டால் மட்டும் சொலிசிட்டரைப் பார்க்காமல் பேசாதீர்கள்.

சம்பளம் இன்னும் அவசரம். இங்கே சம்பளம் பெரும்பாலும் பேக்ஸ் என்ற பேங்க் பரிமாற்ற முறையில் வரும், அதற்கு மூன்று வேலை நாள். 28-இல் கையில் வர 26-லேயே கம்பெனியின் சம்பளக் கோப்பு போய்விடும். அதனால் இன்றே பேரோலுக்கு (சம்பளப் பிரிவு) மெயில் போட்டு உங்கள் பெயரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கோப்பு போய்விட்டால் முடங்கிய கணக்குக்குள் சம்பளமும் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு பேங்கில் 'பேசிக் அக்கவுன்ட்' (ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கு) கேளுங்கள், பெரிய பேங்குகள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். மறுத்தால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஏறியிருந்தால் ஆறு வருடம் வரை நிற்கும், அதனால் அதை எதிர்த்தே ஆக வேண்டும். முதலில் பேங்கில் எழுத்தில் புகார், 8 வாரத்தில் பதில் இல்லை என்றால் நிதி ஒம்புட்ஸ்மன் (பேங்க் புகார்களைத் தீர்க்கும் அமைப்பு). கட்டணம் கிடையாது.

பனிமூட்டம்:
வீட்டுக்காரருக்கும் 1-ஆம் தேதிக்கு முன்னாலேயே மெயில் போட்டுவிடுங்கள், புதுவரவு. வாடகை தவறிய பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

புதுவரவு:
பேரோலுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். கோப்பு நாளைக் காலைதான் போகிறதாம், என் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.