சிறிய பவளத் தொட்டி: அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் பவளங்கள் சுருங்குவது ஏன்?

ஆழிப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 75 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கடல்நீர்த் தொட்டியைப் பராமரித்து வருகிறேன். பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடம் போக, அதில் ஏறத்தாழ 60 லிட்டர் நீர் இருக்கும். ஒரு சோடி கிளவுன் மீன்களுடன், பவளத்துக்கு உறவான சோவாந்தஸ், ஒரு லெதர் பவளம், ஒரு ஹாமர் பவளம், தட்டு வடிவில் வளரும் ஒரு மாண்டிபோரா ஆகியவை உள்ளன. முன்பு நன்றாக உப்பி விரிந்துகொண்டிருந்த ஹாமர் பவளம் சில வாரங்களாகப் பாதியளவே விரிகிறது. நீர் மாற்றிய மறுநாள் அதன் கூட்டின் விளிம்பு வெளியே தெரியும் அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது. மாண்டிபோராவின் நிறம் வெளிறியிருப்பதுடன், அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றும் தெரிகிறது. சோவாந்தஸில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

பரிசோதனை அளவுகள்: உவர்ப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ், கால்சியம் 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மெக்னீசியம் 1320 பிபிஎம், காரத்தன்மை (முக்கியமாக நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகளின் அளவு) அதற்குரிய டிகேஎச் அலகில் 7 முதல் 8 வரை, நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். முன்பு பச்சைப் பாசி தொல்லை கொடுத்ததால், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குறுமணிப் பையை வடிப்பானில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை 20 லிட்டர் நீரை மாற்றுகிறேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக மூன்று நாளுக்கு ஒருமுறை 2 லிட்டர் ஆர்ஓ நீரை ஊற்றுகிறேன். வெளிறலுக்கு வெளிச்சக் குறைவே காரணமாக இருக்கலாம் என்று கருதி, எல்இடி விளக்கை 60 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு உயர்த்த எண்ணியுள்ளேன். இது சரியா?

உவர்நீர் எழுதியது:

விளக்கைத் தொடாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் பவளம் பொதுவாக வெளிறுவதில்லை, மாறாகப் பழுப்பேறும். கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்வதற்காக, திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் தங்கள் நிறமியைக் கூட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். உங்களுடையது நேர்மாறான நிலை. நிறமி குறைந்த பவளத்தின் மீது கூடுதல் ஒளியைப் பாய்ச்சினால், எஞ்சியிருக்கும் பாசியையும் அது இழக்கக்கூடும்.

உங்கள் அளவுகள் ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாதவைதான். ஆனால் எந்த நாளில், நீர் மாற்றுவதற்கு முன்பா பின்பா எடுத்தவை என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. சிறிய தொட்டியில் அதுதான் முதன்மையான செய்தி. '7 முதல் 8 வரை' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, என் கண் அங்கேதான் நிற்கிறது. ஹாமரும் மாண்டிபோராவும் கல்கூடு கட்டும் பவளங்கள். அவை நாள்தோறும் நீரிலிருந்து கார்பனேட்டையும் கால்சியத்தையும் எடுத்துக்கொள்கின்றன. சோவாந்தஸுக்குக் கல்கூடு கிடையாது. ஆகவே சோவாந்தஸ் நலமாக இருக்க மற்ற இரண்டும் துன்பப்படுகின்றன என்றால், சந்தேகம் முதலில் காரத்தன்மையின் மீதே விழ வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த முறை உப்பு கலக்கும்போது, அந்தப் புதுநீரின் காரத்தன்மையை வாளியிலேயே அளந்துவிடுங்கள். பவளத் தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்புகளில் சில 11 அல்லது 12 டிகேஎச் வரை காரத்தன்மை தருமாறு தயாரிக்கப்படுகின்றன. இயற்கைக் கடல்நீரில் அது ஏறத்தாழ 7 மட்டுமே. உங்கள் தொட்டி வார இறுதியில் 7க்கு இறங்கியிருக்கும் வேளையில் 11.5 அளவுள்ள நீரை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால், சில நிமிடங்களில் அது 8.5க்குத் தாவிவிடும். அதன் பிறகு வாரம் முழுவதும் மெல்ல இறங்கி, மீண்டும் ஒரு தாவல். 7லேயே நிலையாக இருந்தாலும் பவளம் வளரும், 9லேயே நிலையாக இருந்தாலும் வளரும். இரண்டுக்கும் இடையே வாராவாரம் ஏறி இறங்குவதைத்தான் கல்பவளங்கள் பொறுத்துக்கொள்வதில்லை.

கால்சியம் 430இல் நிலையாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கல்கூடு கட்டுவதில் 1 டிகேஎச் செலவாகும்போது, கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம் மட்டுமே குறையும். வாரத்துக்கு 1.5 டிகேஎச் செலவானாலும் கால்சியத்தில் இறக்கம் 11 பிபிஎம் அளவில்தான் இருக்கும். வீட்டில் பயன்படுத்தும் சோதனைப் பெட்டியின் பிழை வரம்புக்குள்ளேயே அது மறைந்துபோகும். பவளம் எவ்வளவு உட்கொள்கிறது என்பதை அறியக் கால்சியத்தை அளப்பதில் பயனில்லை என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

உவர்ப்பிலும் இதே கதைதான். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 60 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால் 35 என்பது 36.2 ஆகிவிடும், நீங்கள் ஒரே தடவையில் நன்னீர் ஊற்றியதும் மறுபடி 35க்கு இறங்கும். பெரிய தொட்டியில் 2 லிட்டர் ஒரு பொருட்டே அல்ல. நாள்தோறும் இழந்த அளவை அன்றன்றே நிரப்புங்கள். முடிந்தால் நீர்மட்டத்தை உணர்ந்து தானாக நிரப்பும் கருவியைப் பொருத்துங்கள். சிறிய தொட்டி வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி எது என்று கேட்டால், விளக்குக்கும் முன்பாக இதைத்தான் சொல்வேன். உவர்ப்பை ஒளிவிலகல்மானியில் அளக்கிறீர்கள் என்றால், அதைத் தூய நீரில் சரிபார்ப்பதைவிட, ஆயிரத்துக்கு 35 என்று தரப்படுத்தப்பட்ட கரைசலில் சரிபார்ப்பதே நம்பகமானது.

மெல்லலை எழுதியது:

உவர்நீர் அவர்கள் சொன்ன காரத்தன்மைத் தாவல் உண்மையாக இருக்கலாம். ஆனால் வெளிறலுக்கு அதையே முதற்காரணமாகக் கொள்ள எனக்கு மனமில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்பதை அவர் அப்படியே கடந்துவிட்டார். பவளத்தின் திசுவுக்குள் இருக்கும் பாசியும் ஒரு பாசிதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லாமல் அதனால் வாழ முடியாது. கண்ணாடியில் பாசி படியக்கூடாது என்பதற்காக நீரைச் சுத்திகரித்துக்கொண்டே போனால், நாம் பட்டினி போடுவது பவளத்தையும் சேர்த்துத்தான்.

குறிப்பாகப் பாஸ்பேட் பற்றாக்குறை ஆபத்தானது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பவள ஆய்வுக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் குன்றியிருக்கும் நீரில் பவளங்கள் வெப்பத்தாலும் ஒளியாலும் வெளிறும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. உங்கள் தொட்டியில் நைட்ரேட்டும் இல்லை என்பதால் நிலைமை அதே போன்றது அல்ல; எனினும் பாஸ்பேட்டை முற்றிலும் வற்றச் செய்வது நல்லதன்று என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும் தொட்டிகளில், மணல்மீது பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொண்டு படரும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரித் தொல்லையும் அடிக்கடி தலைகாட்டும். அதைப் போக்குவது பச்சைப் பாசியைப் போக்குவதைவிடப் பலமடங்கு கடினம்.

இரும்பு ஆக்சைடு பையை வெளியே எடுத்துவிடுங்கள். மீன்களுக்கு உணவைச் சற்றுக் கூட்டுங்கள். ஹாமர் பவளத்துக்கு, நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, வாரம் ஓரிரு முறை உறைநிலை மைசிஸ் இறாலைச் சிறு துண்டுகளாகக் குழாயால் கொடுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் அளவிலும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரையிலும் நின்றால் போதும். அவசரம் வேண்டாம், பட்டினியில் கிடந்த தொட்டிக்கு ஒரே வாரத்தில் விருந்து வைத்தால் பச்சைப் பாசிதான் முதல் பந்தியில் உட்காரும்.

ஆழிப்பூ எழுதியது:

இருவருக்கும் நன்றி. உவர்நீர் சொன்னபடி அளந்தேன். வாளியில் கலந்த புதுநீர் 11.2 டிகேஎச், நீர் மாற்றுவதற்கு முன் தொட்டியில் 6.9, மாற்றியபின் 8.3. இரும்பு ஆக்சைடு பையையும் எடுத்துவிட்டேன். இனி எதை முதலில் திருத்துவது? மாண்டிபோராவின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு திசு இறப்பதன் அடையாளமா?

உவர்நீர் எழுதியது:

வாரத்துக்கு 1.4 டிகேஎச், அதாவது நாளொன்றுக்கு 0.2 டிகேஎச் என்பதே உங்கள் பவளங்களின் செலவு. அளவு சிறியது, ஆகவே ஈடுசெய்வதும் எளிது. 60 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்த, சோடியம் பைகார்பனேட் ஏறத்தாழ 1.8 கிராம் தேவைப்படும். எனவே 0.2க்கு 0.36 கிராம். இவ்வளவு சிறிய எடையை நாள்தோறும் நிறுப்பது நடவாத காரியம் என்பதால், 36 கிராம் பைகார்பனேட்டை ஆர்ஓ நீரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து நாள்தோறும் 10 மில்லி எடுத்து, நீரோட்டம் வலுவாக இருக்கும் இடத்தில் மெதுவாக விடுங்கள். கால்சியமும் மாதத்துக்கு 40 பிபிஎம் வரை குறையும். அதற்குக் கால்சியம் குளோரைடு கரைசலைத் தனியே, வேறு நேரத்தில் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால், பவளத்துக்குப் போய்ச்சேர வேண்டியது வெண்ணிற வீழ்படிவாகித் தரையில் படியும்.

இரண்டையும் ஒன்றாகத் தரும் வழி சுண்ணாம்பு நீர். அதில் கால்சியமும் காரத்தன்மையும் கல்கூடு கேட்கும் அதே விகிதத்தில் இருக்கின்றன. நிறைவுற்ற கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தெளிந்த மேல்நீர் நாளொன்றுக்கு 100 மில்லி அளவே உங்களுக்குப் போதுமானது. ஆனால் அதன் பிஎச் 12ஐத் தாண்டும் என்பதால், இரவில் சொட்டுச்சொட்டாக மட்டுமே விழ வேண்டும். சிறிய தொட்டியில் ஒரு குழாய் அடைப்போ கருவிக் கோளாறோ பெருந்தீங்காகிவிடும். உங்கள் நிலையில் நானாக இருந்தால் பைகார்பனேட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நீர் மாற்றத்தை வாரத்துக்கு 6 லிட்டராகக் குறையுங்கள். புதுநீர் 11.2ஆகவே இருந்தாலும் அப்போது தாவல் ஏறத்தாழ 0.4 அளவில்தான் இருக்கும். தொட்டியை 8க்கு உயர்த்த விரும்பினால், நாளொன்றுக்கு 0.3க்கு மேல் ஏற்றாதீர்கள். இந்த இடத்தில் மெல்லலை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்: ஊட்டச்சத்து வறண்ட நீரில் காரத்தன்மை உயர்ந்தால், கூடு வளரும் வேகத்துக்குத் திசு ஈடுகொடுக்க முடியாமல் பவளத்தின் நுனிகள் எரிந்தாற்போல் வெளுக்கும். உங்கள் தொட்டியில் காரத்தன்மைத் தாவலும் ஊட்டச்சத்து வறட்சியும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. எனவே பாஸ்பேட் அளவு தென்படத் தொடங்கும் வரை 7.5ஐத் தாண்ட வேண்டாம்.

மாண்டிபோராவின் வெள்ளைக் கோட்டை உருப்பெருக்கியால் பாருங்கள். வளரும் ஓரம் இயல்பாகவே வெண்மையாக, மெல்லியதாக, ஈரப்பளபளப்புடன் இருக்கும்; உட்பகுதியின் நிறம் அதில் படிப்படியாகக் கரைந்து மறையும். அது நலத்தின் அடையாளம். திசு இறந்த இடமோ சொரசொரப்பாக, கூட்டின் நுண்துளைகள் தெளிவாகத் தெரியும்படி இருக்கும். உயிருள்ள பகுதிக்கும் அதற்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற எல்லைக்கோடு தெரியும். சில நாட்களிலேயே அதன்மீது பச்சையோ பழுப்போ படியத் தொடங்கும். ஐயமிருந்தால் ஒரே கோணத்தில் நாள்தோறும் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

நுண்மணல் எழுதியது:

எல்லோரும் நீரைப் பற்றியே பேசுவதால், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்தச் சிறிய இடத்தில் லெதர் பவளமும் ஹாமரும் சேர்ந்திருக்கின்றன. லெதர் பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு, அண்டையிலுள்ள கல்பவளங்களை ஒடுக்குகின்றன. மேல்தோலை உரிக்கும் நாட்களில் அது கூடும் என்பதும் பலரின் அனுபவம். வடிப்பானில் ஒரு சிறு பை ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, மாதம் ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். ஹாமரும் சும்மா இருப்பதில்லை; இரவில் நீளும் கொட்டும் உணர்கொம்புகள் அதன் பகல்நேர விரிவையும் தாண்டிச் செல்லும். மாண்டிபோராவை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். வெள்ளைக் கோடு ஹாமரை நோக்கிய பக்கத்தில் மட்டும் இருந்தால், விடை அங்கேயே இருக்கிறது.

ஆழிப்பூ எழுதியது:

கோடு தட்டின் சுற்றளவு முழுவதும் இருக்கிறது; மெல்லியதாக, பளபளப்பாகவே உள்ளது. ஹாமர் பக்கத்தில் மட்டும் ஒரு விரல் நகமளவு சொரசொரப்பாக, இலேசான பச்சை படிந்து காணப்படுகிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, சோவாந்தஸ் ஒட்டியிருக்கும் பாறையை நகர்த்தி இடம் ஏற்படுத்தலாம் என்று நினைக்கிறேன். விளக்கை 60இலேயே விட்டுவிட்டேன்.

நுண்மணல் எழுதியது:

அப்படியானால் அந்த நகமளவு ஹாமரின் வேலை, மற்றது வளர்ச்சி. இறந்த பகுதி பெருகாதவரை வெட்ட வேண்டாம்; தள்ளி வைத்தாலே மாண்டிபோரா அதன்மீது மீண்டும் படர்ந்துவிடும். எல்லைக்கோடு நாளுக்கு நாள் முன்னேறினால் மட்டும், உயிருள்ள திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

சோவாந்தஸ் பாறையை நகர்த்தும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள். சோவாந்தஸ், பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தாலும், பிழியும்போது தெறிக்கும் நீர் கண்ணில் பட்டாலும் ஆபத்து. அந்தப் பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் கொதிக்க வைக்கவோ, உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டிலுள்ள அனைவரும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்த நிகழ்வுகள் உண்டு. தொட்டிக்குள் நீருக்கடியிலேயே மெதுவாக நகர்த்துங்கள். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றுவதற்கு முன் அதை நன்றாகக் கழுவிவிடுங்கள்.