25 கோடி வருச உப்பு: வளர்ந்த கிருமியை நம்புறதோ, கொழுப்பை நம்புறதோ?

உவர்த்தரை:
பழைய உப்புக்குள்ள பழைய உயிர் இருந்தது எண்டு காட்ட, வளர்ந்த கிருமியே காணும் எண்டுறன் நான். 2000இல வ்ரீலண்ட் குழு நேச்சர் இதழில போட்டது தெரியுந்தானே. நியூ மெக்சிக்கோவில 569 மீற்றர் ஆழத்துப் பேர்மியன் காலத்து (25 கோடி வருசத்துக்கு முந்தின) உப்புப் பளிங்கு, அதுக்குள்ள அடைபட்ட நீர்த்துளி, அதில இருந்து 2-9-3 எண்ட பசிலஸ் பற்றீரியா வளர்ந்தது. துளைக்க முதல் பளிங்கை 10 மோலர் காரம், 10 மோலர் அமிலம் ரெண்டிலயும் ஊறப்போட்டவை. உயிரோடயே பிடிச்ச பிறகு கொழுப்பு மாதிரி மூலக்கூறுத் தடயம் என்னத்துக்கு?

கண்ணாடிக்குவளை:
அமிலம் கழுவுறது வெளிப்பக்கத்தை. உள்நீர் எப்ப புகுந்தது எண்டதுதான் வழக்கு. அந்தப் பற்றீரியாவின்ர 16எஸ் மரபணு வரிசை (இனங்களை ஒப்பிடப் பாவிக்கிறது), சாக்கடலில இண்டைக்கு இருக்கிற இனத்தோட 99% ஒத்துப்போகுது. 2001இல கூர்ப்பு ஆய்வாளர்கள் கிராவரும் புப்கோவும் பிடிச்ச பிடி அதுதான்.

உவர்த்தரை:
வித்தியாய் (பற்றீரியா உறைஞ்சு கிடக்கிற நிலை) தூங்கினது மாறாதுதானே? 2005இல அதே உப்பின்ர நீர்த்துளிகளை அளந்து, பேர்மியன் கடல்நீர்தான் எண்டும் காட்டிப்போட்டினம்.

கண்ணாடிக்குவளை:
வித்தி தூங்கினது சரி, சாக்கடல்காரன் தூங்கேல்லையே! அவன்ர பக்கத்தில 25 கோடி வருசக் கூர்ப்பு எங்க? தூங்கிற வித்தி தன்ர டிஎன்ஏயைத் திருத்தவும் மாட்டுது, உடைவு சேர்ந்துகொண்டே போகும். ஆர்க்கியா (பற்றீரியா இல்லாத இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டம், உவரிலயும் வாழும்) எண்டால் மென்சவ்வுக் கொழுப்பில ஈதர்ப் பிணைப்பு. பற்றீரியாவின்ர எசுத்தர் மாதிரி லேசில நீர்ப்பகுப்படையாது. நான் அந்த ஈதர்க் கொழுப்பான ஆர்க்கியோலைத்தான் தேடுவன்.

பாத்திகட்டி:
ரெண்டு பேரும் பளிங்கைப் பாக்காமல் கதைக்கிறியள். ஆனையிறவுக் கல்லுப்பில ஒண்டை வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. நடுவில பால் மாதிரி வெள்ளைப் பட்டைகள்: கெதியாய் வளரேக்க அடைபட்ட நீர்த்துளிகள். ஓரம் கண்ணாடி மாதிரி இருந்தால் அது ஆறுதலாய் வளர்ந்தது, இல்லாட்டிக் கரைஞ்சு திரும்பப் படிஞ்சது. ஐப்பசி மழை ஒண்டே காணும் அதுக்கு. வெடிப்பு ஆறின கோட்டில வரிசையாய் நிக்கிற துளிகளையும் தொடாதேங்கோ, அது பிறகு புகுந்த நீர்.

இன்னொண்டு. பளிங்கை வெறும் வடிநீரில கரைச்சு வடிகட்டுறவை இருக்கினம். உப்பு குறைய ஆர்க்கியாக் கலம் வெடிக்கும், டிஎன்ஏ 0.22 மைக்ரோன் வடிகட்டியைத் தாண்டி ஓடிவிடும், பிறகு "ஒண்டுமில்லை" எண்டு எழுதுவினம். ஒரு கிலோ 15% கரைசலில 100 கிராம் பளிங்கைப் போடுங்கோ, கடைசியில 23% அளவில நிக்கும், கலம் தப்பும். மேற்பரப்பைக் கழுவுறதும் நிறைகரைசலில, இல்லாட்டி கழுவக் கழுவப் பளிங்கே கரையும்.

கண்ணாடிக்குவளை:
டிஎன்ஏக்கு அது சரி. கொழுப்புக்கு வடிகட்டவே வேண்டாம், முழுக் கரைசலையும் டைகுளோரோமெதேனில பிரிச்செடுக்கலாம். பிளாஸ்ரிக் மட்டும் ஆகாது: திணிவு நிறமாலையில 149இல பிளாஸ்ரிக்கின்ர தாலேற்று எழும்பிச் சின்ன உச்சியை விழுங்கும். கண்ணாடியை 450 பாகையில சுடவேணும். சிலைலேற்றம் (கொழுப்பை லேசில ஆவியாகிற மாதிரி மாத்திற வினை) செய்ய முதல் ஈரத்தை முழுக்க எடுக்கவேணும், மிஞ்சின தண்ணி வினைபொருளைத் திண்டிடும். பைட்டேன் எண்ட ஐதரோகாபனை மட்டும் கண்டிட்டு ஆர்க்கியா எண்டு துள்ளக்கூடாது, குளோரோபில்லின்ர வாலில இருந்தும் அது வரும்.

உவர்த்தரை:
நல்லது. ஆனா பிந்திப் புகுந்த உவர்நீரும் ஆர்க்கியோலைக் கொண்டுவரும். கொழுப்பில வயசு எழுதியிருக்கோ? என்ர பசிலசுக்குக் கேட்ட கேள்வி உங்களுக்கும் இருக்கு.

கண்ணாடிக்குவளை:
இருக்கு, ஒத்துக்கொள்ளுறன்.

பாத்திகட்டி:
அப்ப ஒரே பளிங்கில பால் பட்டையையும் கண்ணாடி ஓரத்தையும் வேற வேறயாய் அறுத்து, சம நிறையில சோதிச்சுப் பாருங்கோ. கூடவே 500 பாகையில சுட்ட உப்பு ஒண்டு, வெறுமைக்கு (ஒண்டும் இல்லாத ஒப்பீட்டுக்கு). சுடேக்க மூடிபோட்டுச் சுடுங்கோ, நீர்த்துளிகள் வெடிச்சுப் பளிங்கு சிதறும். ஆர்க்கியோல் ரெண்டு துண்டிலயும் ஒரே அளவில வந்தால், பிறகு புகுந்ததாய் இருக்கலாம், தூக்கிப் போடுங்கோ. பாலில மட்டும் வந்தால் மிச்சத்தைக் கதைப்பம்.