தாத்தா வீடு குழு: சாவி யாரிடம்?

ரவி (துபாய்): எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு நாகலூர் ரோட்டில் இருக்கிற தாத்தா வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று போன வாரம் பேசினோமே, எனக்கு ஒரு யோசனை. வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றால் என்ன? இங்கே துபாயில் 2002இல் வெளியாட்களும் வீடு வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள், வெறும் மணலாகக் கிடந்த இடமெல்லாம் இன்று கோபுரம். 20 லட்சம் திர்ஹாமுக்கு வீடு வாங்கினால் 10 வருடம் இங்கேயே தங்க கோல்டன் விசா வேறு. ஏற்காட்டையும் இப்படித் திறந்துவிட்டால் சேலத்துக்கே பணம் கொட்டும்.

குமார் மாமா (அம்மாபேட்டை): காலை வணக்கம் 🌹🌹

கவிதா (லிஸ்பன்): மாமா, அங்கே மணி பதினொன்றரை 😄

முருகேசன் சித்தப்பா (சேலம்): ரவி, பத்திரம் எழுதியே முப்பது வருடம் ஓட்டியவன் சொல்கிறேன், முதலில் சட்டத்தைப் பார். இந்திய வம்சாவளி இல்லாத, இங்கே குடியிருக்காத வெளிநாட்டுக்காரர் நம் நாட்டில் வீடு வாங்கவே முடியாது, ஐந்து வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். உன்னைப் போல வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் (என்.ஆர்.ஐ.), வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம் வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவர்கள் வீடு, கடை வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு கூடாது. உன்னாலேயே இங்கே ஒரு காப்பித் தோட்டம் காசு கொடுத்து வாங்க முடியாது தம்பி, தாத்தா சொத்தில் பங்காக வந்தால் உண்டு.

ரவி: சட்டத்தை மாற்றலாமே சித்தப்பா. போர்ச்சுகல் மாற்றவில்லையா? கடனில் மூழ்கிக் கிடந்த நாடு. கவிதா அங்கேதானே இருக்கிறாள், அவளையே கேளுங்கள்.

கவிதா: கேட்டால் நீளமாகத்தான் சொல்லுவேன் அண்ணா. 2011இல் வெளியே கடன் வாங்கித்தான் நாட்டை ஓட்டினார்கள், அடுத்த வருடமே 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் விசா என்று அறிவித்தார்கள். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், இடிந்து கிடந்த பழைய கட்டடங்களைச் சரி செய்தார்கள், கொத்தனார், தச்சர் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. ஆனால் நான் ஓர் அறைக்கு (வீட்டுக்கு இல்லை, அறைக்கு!) 550 யூரோ கொடுக்கிறேன், இங்கே 2025இல் மாதக் குறைந்தபட்ச சம்பளமே 870 யூரோ. விசாக்காரர்கள் மட்டும் காரணம் இல்லை, டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிற வீடுகளும் சேர்ந்துதான் இந்தக் கதி. கடைசியில் 2023 அக்டோபரில் வீடு வாங்கி விசா எடுக்கிற வழியை மூடிவிட்டார்கள். ஸ்பெயின் 2013இல் ஆரம்பித்து 2025 ஏப்ரலில் மூடியது. கிரீஸ் மூடவில்லை, ஆனால் இரண்டரை லட்சம் யூரோவாக இருந்தது ஏதென்ஸ் பக்கம் இப்போது எட்டு லட்சம். ஆரத்தி எடுத்துக் கூப்பிட்டவர்களே கதவைச் சாத்துகிறார்கள்.

ரவி: சாத்துவதற்குள் சம்பாதித்துவிட்டார்கள் இல்லையா?

முருகேசன் சித்தப்பா: அது வேறு கதை. 2008க்குப் பிறகு ஸ்பெயினில் கட்டி முடித்த வீடுகள் ஆள் இல்லாமல் கிடந்தன, கடன் கொடுத்த வங்கிகளின் தலையில் விழுந்தன. சும்மா கிடந்த சரக்கை வெளியாள் வாங்கினால் லாபம்தான். துபாயில் மணலை மேடாக்கிக் கடலிலேயே இடம் உண்டாக்குகிறார்கள். ஏற்காட்டில் விற்காமல் கிடக்கிற வீடு எங்கே இருக்கிறது? சில்வர் ஓக் மரங்களை வெட்டி, காப்பியைப் பிடுங்கித்தான் கட்ட வேண்டும். அரசுக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் வரும், அதுவும் ஒரே தடவை.

செல்வி அத்தை (ஏற்காடு): நான் டைப் பண்ணி முடிப்பதற்குள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். கண்ணு, என் கடைக்கு எதிரே பன்னிரண்டு வீடு இருக்கிறது, எல்லாம் பெங்களூர், சென்னைக்காரர்கள் கட்டினது. கட்டும்போது நல்ல வியாபாரம்தான், சித்தாள்களுக்கு டீ, பன் மட்டுமே ஒரு நாளைக்கு எவ்வளவு போகும் தெரியுமா? கட்டி முடித்தார்கள், அதோடு சரி. மே மாதக் கோடை விழாவுக்கு வருவார்கள், வரும்போதே அடிவாரத்தில் அரிசி பருப்பு எல்லாம் டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் வருடம் பூரா பூட்டு. பூட்டின வீடு என்னிடம் பால் வாங்குமா, தோசை மாவு வாங்குமா? வாட்ச்மேன் ஒருத்தருக்குச் சம்பளம் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகளைக் கட்டின கொத்தனார் மகனுக்குக் கல்யாணம் ஆகி வாடகை வீடு கிடைக்காமல் மலைக்குக் கீழே குப்பனூருக்கு இறங்கிப் போய்விட்டான். கோடையில் தண்ணீர் லாரி வந்தால் நாங்கள் குடத்தோடு நிற்கிறோம், அங்கே புல்தரைக்குத் தண்ணீர் போகிறது.

செல்வி அத்தை: பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று. நம் வீட்டை விட்டுவிட்டேன்.

ரவி: 😶

கவிதா: சுவிட்சர்லாந்தில் 2012இல் ஓட்டெடுப்பு நடத்தி, ஓர் ஊரில் இப்படி லீவுக்கு வந்து தங்குகிற வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்கும் மலைதான்.

ரவி: சரி சரி, இந்த யோசனையை விடுங்கள். நம் வீட்டை என்ன செய்வது அத்தை?

செல்வி அத்தை: புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தி தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏறி இறங்குகிறாள், 20 கொண்டை ஊசி வளைவு, வாந்தி எடுத்துக்கொண்டே வருகிறாள் பாவம். பின்பக்கம் ஓடு மாற்றிக் கொடுத்தால் குடியிருப்பாள். உன் கோல்டன் விசா வாடகை வராது, ஆனால் விளக்கு எரியும்.

ரவி: ஓடு மாற்றுகிற செலவை நான் அனுப்புகிறேன். எவ்வளவு ஆகும்?

செல்வி அத்தை: சனிக்கிழமை கொத்தனாரை வரச் சொல்கிறேன், உள்ளே பார்த்தால்தான் தெரியும். சாவி யாரிடம் இருக்கிறது?

முருகேசன் சித்தப்பா: என்னிடம் இல்லை.

கவிதா: அம்மாவிடமும் இல்லையாம்.

குமார் மாமா: என்னிடம்தான். 2019 பொங்கலுக்குப் பூட்டினது.