கொரோலா 110: புளொக் ட்ரெயின் போல்ட் இறுகிவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வாகனம் 1998 கொரோலா, 5ஏ என்ஜின். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) துரு நிறமாகிவிட்டதால் முழுசா மாத்தப் பார்க்கிறன்.

ரேடியேட்டரின் அடி ட்ரெயினைத் திறந்தால் 3 லீட்டர் அளவில்தான் இறங்குது. மொத்தம் பிடிக்கிறது 6 லீட்டருக்குக் கிட்ட. மிச்சம் புளொக்கிலும் (என்ஜினின் உடல்) ஹீட்டர் கோரிலும் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) நிக்குது. புளொக்கை வடிக்கிற போல்ட்டுக்கு டபிள்யூடி-40 (துரு இளக்கிற ஸ்பிரே) அடிச்சு இரவு முழுக்க விட்டும் அசையேல்லை. பலமாத் திருகினால் தலை மழுங்கிப்போகும். சூடாக்கிக் கழட்டலாமா, இல்லை அப்படியே விடலாமா?

விட்டால் என் கணக்கு இது: தேர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும்வரை கூலன்ட் ஓட்டத்தை மறிக்கிற வால்வு) கழட்டி, தெளிஞ்ச தண்ணி வரும்வரை ஹோஸால் அலசி, கடைசி அலசலை வடிச்ச நீரால் (டிஸ்டில்ட் வோட்டர்) முடிக்கிறது. உள்ளே 3 லீட்டர் வெறுந்தண்ணி நிக்கும் என்பதால் ஏற்கெனவே தண்ணி கலந்து விற்கும் கூலன்ட் சரிவராது, பாதியாக நீர்த்துவிடும். கலக்காத கூலன்ட் 2.4 லீட்டர் ஊத்தி மிச்சத்தை வடிச்ச நீரால் நிரப்பினால் 40 வீதம் வரும். கொழும்பில் உறையிற பயம் இல்லை, துருத்தடுப்புக்கு அது போதும்தானே?

தேர்மோஸ்டாட் இல்லாமலே ஓடச் சொல்லும் பாஸ்மார் தயவுசெய்து வேண்டாம். என்ஜின் சூடேறாமல் பெற்றோல்தான் குடிக்கும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் 82 பாகை ஒரிஜினல் தேர்மோஸ்டாட்டும் 0.9 பார் ரேடியேட்டர் மூடியும் நம்பி எங்கே வாங்கலாம்? போலியை எப்படி அடையாளம் காண்றது?